அம்மா ஏறினால் மட்டும் வரும் சத்தம்

காரில் வரும் சத்தங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாரம் முழுவதும் 'டொக் டொக்' என்று உயிரை வாங்கும். வொர்க்‌ஷாப் வாசலில் நுழைந்ததும் வாயை மூடிக்கொள்ளும். போமன் ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நல்லாத்தானே ஓடுது?" என்பார். நாம் அசடு வழிய நிற்போம்.

பழைய காராக இருந்தால் 'வயசாயிருச்சு' என்று தேற்றிக்கொள்ளலாம். என் கார் வாங்கி 22 மாதம்தான் ஆகியிருந்தது. ஓடியது 41,000 கிலோமீட்டர். 9 வருடக் கடனில் இன்னும் 7 வருடத்துக்கு மேல் பாக்கி. எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்லப்போவதில்லை. இந்தக் கதை எந்த காருக்கும் பொருந்தும்.

சத்தத்தை முதலில் கேட்டது அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை. கண், கால், சிறுநீரகம் என்று மாறி மாறி மருத்துவமனைத் தேதி வரும். கிள்ளானில் எங்கள் தாமானிலிருந்து வெளியே வரும் சாலை, துறைமுக லாரிகள் ஏறி ஏறிக் குழியும் ஒட்டுமாகக் கிடக்கும். அதில் ஒருநாள், "ஏம்மா, என் காலுக்கு அடியில என்னமோ டொக்குனு அடிக்குதே" என்றார். ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஆமாம். இடப்பக்க முன் சக்கரத்தின் அருகிலிருந்து, மூடிய கதவை விரல் முட்டியால் தட்டுவது போல, சின்னதாக. ஒரு முறை. கொஞ்ச தூரம் போனதும் இரண்டு முறை.

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவள் நான். பத்து வருடமாக எனக்குச் சோறு போடுவது குரல் பாதி, காது பாதி. விருந்தினரின் வளையல் மேசையில் உரசினால்கூட ஹெட்போனில் உறுத்தும். அதனால் அம்மாவுக்குப் பிரமையோ என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை.

சர்வீஸ் சென்டரில் நல்லபடியாகத்தான் வரவேற்றார்கள். பதிவு செய்த இளைஞர் 'சஸ்பென்ஷன் சத்தம்' என்று இரண்டே சொல்லில் எழுதிக்கொண்டார். டெக்னீஷியன் தனியாக ஏறிப் பத்து நிமிடம் ஓட்டினார். லிஃப்டில் ஏற்றிச் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார். "தக் அடா பூன்யி, கக்." சத்தமே இல்லையாம். தாளில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மறுவாரம் அம்மாவோடு போகையில் மீண்டும் டொக். மீண்டும் சர்வீஸ் சென்டர். அதே பத்து நிமிடம், அதே பதில். இந்த முறை முகப்பில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள், கக்" என்றார். ரேடியோவில் வேலை செய்கிறவளிடம்! நான்கூடச் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. காருக்குத் திரும்பி வரும்போது, "அவங்களுக்கு நான் பொய் சொல்றேன்னு நெனப்பு" என்றார். அடுத்த மருத்துவமனைத் தேதிக்கு எனக்குச் சொல்லாமலே கிராப் எடுத்துப் போய்விட்டார். கேட்டதற்கு, "நடு ரோட்டுல சக்கரம் கழண்டா யாரு பாக்குறது? நீ ஓட்டிக்கோம்மா. நான் அதுல ஏற மாட்டேன்" என்றார்.

அம்மாவை ஏற்றிப் போகத்தான் அந்தக் காரையே வாங்கினேன். படி ஏறுவது போல் காலைத் தூக்க வேண்டாத உயரம், அகலத் திறக்கும் கதவு என்று தேடித் தேடி வாங்கியது. இப்போது அதில் நான் மட்டும் போய் வருகிறேன். அம்மா ஒரு கையில் மருந்துப் பையோடு தெருமுனையில் கிராப்புக்கு நிற்கிறார்.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. வாரண்டி 5 வருடம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். கையேட்டைப் புரட்டினால், தேயக்கூடிய பாகங்களுக்குத் தனிக் கணக்கு இருக்கும். என் கையேட்டில் சஸ்பென்ஷனின் சில பாகங்களுக்கு 2 வருடம் அல்லது 50,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். இன்றிரவே உங்கள் கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை ஒரு தடவை படித்து விடுங்கள். எனக்கு மிச்சம் இருந்தது இரண்டு மாதம்.

நண்பர் ஒருவர் சொன்னார் என்று வேறொரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "அப்சார்பர் போயிருக்கும். ரெண்டு பக்கமும் மாத்திடலாம், 1,400 வெள்ளி" என்றார். ஒருவேளை அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கேட்காத சத்தத்துக்கு மருந்து எழுதும் டாக்டரிடம் நாம் நிற்போமா? அப்சார்பரை மாற்றிச் சத்தம் நிற்காவிட்டால் அடுத்து மவுண்டிங், அதன்பின் லோவர் ஆர்ம் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட வேண்டியதுதான். அது போக, வெளியில் கழற்றி மாட்டிய பாகத்துக்குச் சர்வீஸ் சென்டர் வாரண்டி தர மறுக்கவும் வாய்ப்பு உண்டு. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஸ்டூடியோவில் எப்போதாவது ஒரு 'கர்ர்' சத்தம் வரும். வரும், போகும். அதைத் தேட எங்கள் தொழில்நுட்பக்காரர் வைத்திருக்கும் விதி மிகச் சாதாரணமானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. மைக், கேபிள், ஹெட்போன் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் சத்தம் போகும். எதனால் போனது என்று தெரியாது. இதையே காரில் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வேலை, காரைக் காலி செய்தது. இது மிக முக்கியம். சஸ்பென்ஷன் என்று நாம் நினைக்கும் சத்தங்களில் பல, சஸ்பென்ஷனே கிடையாது. பூட்டின் தரைக்கு அடியில் சரியாக முறுக்கப்படாத ஜாக், ஸ்பேர் டயர், கதவுப் பைக்குள் உருளும் போத்தல், மாட்டாமல் தொங்கும் சீட் பெல்ட்டின் கொக்கி தூணில் மோதுவது, நம்பர் பிளேட், அடியில் கிளிப் கழன்ற பிளாஸ்டிக் தட்டு என்று எல்லாமே மேடு பள்ளத்தில்தான் சத்தம் போடும். காரின் உடல் முழுவதும் ஒரே இரும்புக் கூடு. எங்கே தட்டினாலும் அதிர்வு ஓடிப்போய் வேறெங்கோ ஒலிக்கும். அடித்தொண்டைச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவது மனிதக் காதுக்குக் கஷ்டம் என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவுப் பாடத்தில் படித்திருக்கிறேன். அதனால் 'என் காலுக்கு அடியில' என்பதை வைத்து மட்டும் பாகத்தை முடிவு செய்ய முடியாது. ஜாக்கை இறக்கினேன், குடையை இறக்கினேன், இரண்டு வருடமாகப் பூட்டில் குடியிருந்த பூந்தொட்டித் தட்டுகளையும் இறக்கினேன். சத்தம் அப்படியே இருந்தது.

அடுத்தது பதிவு. கைத்தொலைபேசி இதற்கு உதவாது. பேச்சைத் தெளிவாக எடுப்பதற்காகச் செய்த மைக் அது. இந்த மாதிரி மெல்லிய, தாழ்ந்த தட்டலை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். வெளியே பேட்டி எடுக்க வைத்திருக்கும் என் ரெக்கார்டரை முன்னிருக்கைக்குக் கீழே வைத்தேன். ஒவ்வொரு பயணத்திலும் தொடங்கும்போது குரலில் ஒரு குறிப்பு: தேதி, மணி, சாலை, வெயிலா மழையா, காரில் யார் யார். வேலைப் பழக்கம்தான். கடைசிக் கேள்வியைச் சும்மா ஒரு முழுமைக்காகச் சேர்த்தேன்.

சோதனைகளும் உண்டு, காசு செலவில்லாதவை. மேடு பள்ளத்தில் போகும்போது பிரேக்கை மிக லேசாக, வேகம் குறையாத அளவுக்கு அழுத்திப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் பிரேக் பேட் ஆடுகிறது என்று சந்தேகிக்கலாம். அழுத்தியதும் அது பிடிபட்டு அடங்கிவிடும். எனக்கு நிற்கவில்லை. மழையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காய்ந்த ரப்பர் பூச் போடும் 'கிரீச்' ஈரம் பட்டால் அடங்கும். என் சத்தம் கிள்ளானின் மாலை மழைக்கெல்லாம் அசையவில்லை. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெல்ல நகர்ந்து பார்த்தேன். சக்கர வேகத்துக்கு ஏற்ப 'டிக் டிக்' வந்தால் டிரைவ் ஷாஃப்ட் பக்கம் சந்தேகம். வரவில்லை.

பிடி கிடைத்தது பம்ப்பில். தாமான் நுழைவாயில் பம்ப்பின் மேல் நேராக, முன் சக்கரம் இரண்டும் ஒன்றாக ஏறும்படி போனால் சத்தமே இல்லை. பெரிய மேடுதான், ஆனாலும் இல்லை. அதைவிடச் சின்னதான சாக்கடை மூடியின் மேல் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறினால் சில நாள் டொக். சில நாள் இல்லை. அந்த 'சில நாள்' எது என்பதுதான் மிச்சம்.

அம்மா ஏறாததால் அந்த நாட்களில் நான் பெரும்பாலும் தனியாகத்தான் போய் வந்தேன். காலை நாலரைக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் யார் கூட வருவார்கள்? பதிவுகளில் ஒன்றுமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சக அறிவிப்பாளர் ஒருவரை ஏற்றிக்கொண்டேன். நிலையத்தைத் தாண்டுவதற்குள் டொக். திங்களன்று தனியாகப் போனேன், இல்லை. அக்கா மகன், பதினொரு வயது ஒல்லிக்குச்சி, முன்னால் உட்கார்ந்தான். லேசாக ஒரே ஒரு முறை. மூன்று வாரத்தில் 34 பதிவு. அவற்றில் 13-இல் சத்தம் இருந்தது. அந்த 13-இலும் இடப்பக்க முன்னிருக்கையில் ஆள் இருந்தார்.

டெக்னீஷியன் இரண்டு முறையும் தனியாகத்தான் ஓட்டினார்.

உறுதி செய்துகொள்ள ஆள் வேண்டாமே, எடை போதுமே என்று தோன்றியது. சித்தப்பா கோயில் அன்னதானத்துக்கு வாங்கி வைத்திருந்த அரிசியில் 10 கிலோ மூட்டை ஐந்தை முன்னிருக்கையில் அடுக்கினேன். புதுக் கார் அல்லவா, ஆள் உட்கார்ந்துவிட்டதாக நினைத்து சீட் பெல்ட் மணி அடிக்கத் தொடங்கியது. அரிசிக்குப் பெல்ட் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு மேலே பார்த்த பார்வையை எழுத இடம் போதாது. சாக்கடை மூடியில் ஏற்றினேன். டொக். மூட்டைகளை இறக்கிவிட்டு அதே மூடி, அதே வேகம். மௌனம்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்ப நான் குண்டுன்னு சொல்றே" என்றார்.

எடை ஏறினால் ஏன் சத்தம் வர வேண்டும்? காப்பார் சாலையில் இருபது வருடமாகக் கடை வைத்திருக்கும் ஒரு போமனிடம் இதைக் கேட்டேன். 34 பதிவு எழுதிய தாளை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். அங்கேயே எனக்குப் பாதி நிம்மதி. "தங்கச்சி, எல்லாரும் வந்து 'அண்ணே, அப்சார்பர் போச்சு'ன்னு பாகத்து பேரத்தான் சொல்லுவாங்க. எப்ப வருதுன்னு யாரும் சொல்றதில்ல" என்றவர், "அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்த நாள் அம்மாவை அழைத்துப் போனேன். சும்மா போகவில்லை, நல்ல புடவை கட்டிக்கொண்டார், சாட்சி சொல்லப் போகிறவர் மாதிரி. போமன் ஒரு பெட்டியை எடுத்தார். திறந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே நான்கு கிளிப் மைக்குகள், ஒரு ஹெட்போன். விருந்தினரின் சட்டையில் நாங்கள் மாட்டுவோமே, அதன் முரட்டு அண்ணன். ஆன்லைனில் வாங்கினாராம். லோவர் ஆர்மில் ஒன்று, அப்சார்பரின் மேல்பக்கம் ஒன்று, ஸ்டெபிலைசர் லிங்கில் இடத்துக்கொன்று வலத்துக்கொன்று மாட்டினார். அவர் ஓட்ட, அம்மா முன்னால், நான் பின்னால் ஹெட்போனோடு. ஒவ்வொரு சேனலாகத் திருப்பிக் கேட்டேன். முதல் இரண்டில் எங்கோ தூரத்தில் தட்டுவது போல. வலப்பக்க லிங்கில் அதைவிடக் குறைவு. இடப்பக்க லிங்குக்குத் திருப்பியதும் காதுக்குள்ளேயே சுத்தியல். ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் காதில் வைத்தேன். "இதேதான்" என்றார். இரண்டு மாதமாக யாரும் நம்பாத ஒன்றைச் சொன்னவருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

போமன் ஒரு பென்சிலை இரண்டு கையாலும் பிடித்து விளக்கினார். முன் சக்கரம் இரண்டையும் குறுக்காக இணைக்கிற வளைந்த கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அதன் இரண்டு முனையிலும் விரல் தடிமனில் ஒவ்வொரு லிங்க். லிங்கின் நுனியில் குழிக்குள் பந்து மாதிரி ஒரு மூட்டு. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி தன் ரப்பருக்குள் சுழன்றுவிட்டுப் போகும். லிங்கில் இழுப்பு இருக்காது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால்தான் கம்பி முறுகும், லிங்க் இழுபடும். பம்ப்பில் இல்லாத சத்தம் சாக்கடை மூடியில் வந்த காரணம் அதுதான்.

அம்மா விஷயம் இன்னும் நுட்பம். நம் ஊரில் ஓட்டுகிறவர் வலப்பக்கம். அவர் மட்டும் அமர்ந்தால் அந்தப் பக்கம் ஒரு துளி தாழ்ந்து, கம்பி எப்போதும் லேசாக முறுகியே நிற்கும். என் காரில் இடப்பக்க மூட்டு கொஞ்சமே கொஞ்சம் தேய்ந்திருந்தது. அந்த முறுக்கு, தேய்ந்த பந்தைக் குழியின் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்திருந்ததால் அது ஆடவில்லை. இடப்பக்கமும் ஒருவர் அமர்ந்ததும் தராசு சமனாகிறது. முறுக்கு போகிறது. பந்துக்கு விடுதலை. சின்ன மேட்டுக்கெல்லாம் குழிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டுகிறது. லிஃப்டில் ஏற்றினால் சக்கரம் தொங்கி மூட்டின் கோணமே மாறிவிடும். தேய்ந்த இடம் ஒன்று, அப்போது தொடும் இடம் வேறு. வெளி ரப்பரில் கிழிசல் இல்லாததால் கண்ணுக்கும் தெரியவில்லை. சர்வீஸ் சென்டர்காரர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவர்கள் பார்த்த நிலையில் அங்கே சத்தம் உண்மையிலேயே இல்லை. அந்த ரேடியோ யோசனையை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

"சக்கரம் கழண்டுருமா தம்பி?" என்று அம்மா நேராகவே கேட்டார். "இதால கழலாதும்மா. கழட்டி வச்சிட்டுக்கூட மெதுவா வீட்டுக்குப் போயிரலாம், வளைவுல கொஞ்சம் சாயும், அவ்வளவுதான்" என்றார் போமன். ஆனால் அதே 'டொக்', சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்மின் பால் ஜாயின்டிலிருந்து வந்தால் விளையாட்டு இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். சத்தத்தோடு ஸ்டியரிங் தளர்ந்தாலோ, கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ, பிரேக் போடும்போது முட்டினாலோ, குறிப்பு எழுதிக்கொண்டு இருக்காமல் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

வாரண்டி இருக்கும்போது தன் கையால் கழற்ற வேண்டாம் என்று அவரே சொல்லி அனுப்பினார். மைக் மாட்டிப் பார்த்ததற்கு 50 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

சர்வீஸ் சென்டருக்கு மூன்றாவது முறை போனபோது 'சஸ்பென்ஷன் சத்தம்' என்று எழுதவிடவில்லை. தாளில் இப்படி எழுதச் சொன்னேன்: இடப்பக்க முன்னிருக்கையில் ஆள் இருக்கும்போது, 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால், முன்பக்கம் ஒற்றைத் தட்டல். பிரேக்கால் மாறவில்லை, மழையால் மாறவில்லை. பாகத்தின் பெயரை நான் சொல்லவே இல்லை. மூத்த டெக்னீஷியன் ஒருவர் வந்து அதைப் படித்தார். அம்மாவைப் பார்த்து, "மக்சிக், ஏறுங்கள்" என்று கதவைத் திறந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். அவர் காரை விட்டு இறங்குவதற்கு முன்பே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பாகம் வர நான்கு நாள். மாற்ற முக்கால் மணி நேரம். இரண்டு பக்க லிங்கையும் வாரண்டியில் மாற்றினார்கள், ஒரு சென்கூடக் கேட்கவில்லை. வெளியில் வாங்கியிருந்தாலும் 1,400 வெள்ளிக்குக் கிட்டத்தில்கூட வந்திருக்காது.

ஒரு விஷயம். முதல் இரண்டு முறையும் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்த தாள்களை நான் எறியவில்லை. வாரண்டி முடிவதற்கு முன்பே புகார் செய்திருக்கிறோம் என்பதற்கு அவைதான் அத்தாட்சி. விவகாரம் முற்றினால் நம் நாட்டில் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே கொண்டு போகலாம். அங்கேயும் முதலில் கேட்பது தாளைத்தான். வாய்ச்சொல்லில் 'பார்த்துட்டோம், ஒண்ணுமில்ல' என்று அனுப்பினால் எழுதி வாங்காமல் நகராதீர்கள்.

போன வியாழன் அம்மாவுக்குக் கண் பரிசோதனை. முன்னிருக்கையில்தான் வந்தார். சாக்கடை மூடி வந்ததும் இருவருமே பேச்சை நிறுத்திக்கொண்டோம். ஒன்றும் வரவில்லை. மருத்துவமனை வாசலில் இறங்கும்போது, "பின்னால ஏதோ கிலுகிலுங்குதே, அது என்னா?" என்றார். திறந்து பார்த்தேன். சித்தப்பாவுக்குத் திருப்பித் தர வேண்டிய தூக்குச்சட்டி.